வீடு வாங்குமுன் தெருவைக் கேளுங்கள்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டுவதில் உள்ள தொல்லைக்கு அஞ்சி, கட்டிய வீடொன்றை வாங்கிவிடலாம் என எண்ணுவோர் பலர். கட்டிய வீட்டை வாங்குவதிலும் தொல்லை உண்டு. ஆனால், அது கண்ணுக்குப் புலப்படாத தொல்லை. சுவரில் வெடிப்பு இருப்பின் எவரும் காண்பர். உரிமையில் வெடிப்பு இருப்பின், பணம் கைமாறிய பின்னரே பெரும்பாலும் அது வெளிப்படும்.

நெசவாளர்க்கு வீடு உறைவிடம் மட்டுமன்று. தறிக்குழி வெட்டி, பாவு நீட்டி, குடும்பம் முழுவதும் உழைக்கும் தொழிற்கூடமும் அதுவே. உழவர்க்கோ அது குதிரும், மாட்டுக்கொட்டிலும், முடை நேர்ந்தபோது கடனுக்கு ஈடாக நிற்கும் உடைமையும் ஆகும். வாழ்நாளில் ஒருமுறை செய்யும் இச்செலவில் பிழை நேரின் மறுமுறை செய்யப் பலரிடம் பொருள் இராது. ஆதலின், வீடு வாங்குதல், விற்றல் ஆகியவற்றின் சட்டமுறை குறித்து இங்கு எழுதத் துணிந்தோம்.

ஒரு தறித்தெருவில் நடந்தது

உறுப்பினர் ஒருவர்க்கு நேர்ந்ததை முதலில் கூறுவோம். பெயரும் ஊரும் வேண்டா. அவர் கைத்தறி நெசவாளர். மகனுக்கும் ஒரு தறி போட வேண்டும் என்னும் ஆவலால், பக்கத்து வீடு விலைக்கு வருவதறிந்து அதனை வாங்கினார். அவ்வீடு அண்டை வீட்டுப் பெரியவர் தம் சொந்த உழைப்பால் வாங்கியது. அவரும் அவர் மனைவியும் மறைந்தபின், புதல்வர் இருவர் அதனை விற்றனர். பட்டா மூத்தவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றில் கடனோ அடமானமோ இல்லை. கிரயப் பத்திரத்தில் அண்ணன் தம்பி இருவரும் கையொப்பமிட்டனர், பதிவும் ஆயிற்று. நம் உறுப்பினர் இடைச்சுவரில் வாயில் திறந்து, புதுத்தறியும் பூட்டினார்.

இரண்டாண்டுகள் கழிந்தபின் வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று வந்தது. அனுப்பியவர் அப்பெரியவரின் மகள். வேற்றூரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். தம் தந்தையின் வீட்டில் தமக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டென்றும், அதனைத் தாம் எவர்க்கும் விற்கவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.

இதில் நம் உள்ளத்தை வருத்திய செய்தி ஒன்று உண்டு. அப்பெண்மணியை நம் உறுப்பினர் அறியாதவர் அல்லர். அவர் அத்தெருவில் நூல் சுற்றி வளர்ந்தவர். அவருடைய திருமணப் பந்தியில் நம் உறுப்பினரும் உணவருந்தியிருக்கிறார். எனினும், பத்திரம் எழுதிய நாளில் அவர் கையொப்பம் எங்கே என்று கேட்க வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றவில்லை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் அவரைக் காட்டவில்லை. தெரு அவரை அறியும். தெருவை எவரும் கேட்கவில்லை.

அம்மகள் கேட்டது பிறர் பொருளை அன்று, தமக்குரியதையே. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த ஆடவரின் தனிச்சொத்து அவர்தம் மனைவி, மக்கள், தாய் ஆகிய முதல்நிலை வாரிசுகளுக்குச் சமமாகச் சேரும். மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. தன்னிடம் உள்ளதற்கு மேல் ஒருவர் பிறர்க்குக் கொடுத்தல் இயலாது. ஆகவே, உடன்பிறந்தார் இருவரும் முழு வீட்டிற்குப் பத்திரம் எழுதியிருப்பினும், நம் உறுப்பினர்க்கு வந்தது மூன்றில் இரண்டு பங்கே.

அதிலும் ஓர் இடர் உண்டு. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், மற்றப் பங்காளிகளோடு கூடி அவ்வீட்டை அனுபவிக்கும் உரிமை அவர்க்கு இல்லை என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவில் கூறுகிறது. அவர் பாகப்பிரிவினையையே நாட வேண்டும். குறுகிய தறிவீட்டை மூன்றாகப் பிரித்தால் எப்பங்கில் தறி நிற்கும்?

எவரெவர் கையொப்பம் வேண்டும்?

எனவே, வீடு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது விலையன்று. 'இவ்வீட்டில் உரிமையுள்ளோர் எத்துணைப் பேர்? அவர்கள் யாவரும் கையொப்பமிடுவார்களா?' என்பதே.

இதனை அறிய மூலப் பத்திரத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். இவ்வீடு விற்பவர்க்கு எவ்வாறு வந்தது? கிரயத்தாலா, பாகத்தாலா, தானத்தாலா, உயிலாலா, வாரிசு முறையாலா? அவர்க்குக் கொடுத்தவர்க்கு எவ்வாறு வந்தது? இவ்வாறு பின்னோக்கிச் சென்று, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பத்திரங்கள் ஒன்றோடொன்று இணைகின்றனவா என்று காணுதல் நலம். பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்திப் பிணைத்த பின்னரே மேற்கொண்டு நெய்வார். பத்திரத் தொடரிலும் அறுந்த இடத்தைப் பிணைத்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

வாரிசு முறையால் வந்த வீடாயின் இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் காண வேண்டும். மணமான மகளிர், இறந்துபட்ட மகனின் மனைவி மக்கள் ஆகியோரை மறத்தலாகாது. வீடு மூதாதையர் சொத்தாயின் மகளிரின் உரிமை பிறப்பிலேயே தொடங்குகிறது. 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 25-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாளில் மணமாகாதிருந்த மகளிர்க்கு இவ்வுரிமையை வழங்கிற்று. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த நடுவண் திருத்தம் மணமானோர் உட்பட மகளிர் யாவர்க்கும் அதனை வழங்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிற்று. இசுலாமிய, கிறித்தவ உறுப்பினர்களுக்கு வாரிசு முறை வேறு. ஆயினும், அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு.

பங்கு வேண்டாத உடன்பிறந்தாள் 'எனக்கு ஒன்றும் வேண்டா' என்று வாயால் கூறியது போதாது. அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருத்தல் வேண்டும். அன்றேல் கிரயப் பத்திரத்திலேயே விற்போருள் ஒருவராக நிற்றல் வேண்டும்.

உரிமையாளருள் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை இருப்பின் எச்சரிக்கை மிகுதியும் தேவை. இந்துப் பிள்ளைக்கெனத் தனியே உள்ள அசையாச் சொத்தை, தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், அப்பிள்ளை அந்த விற்பனையை ஏற்க மறுக்கலாம். வயது நிரம்பியபின் மூன்றாண்டுகள் வரை வழக்கிட அவர்க்குக் காலம் உண்டு.

பட்டாவும் வில்லங்கச் சான்றும்

'பட்டா இருக்கிறது, வேறென்ன வேண்டும்?' என்பார் நம்மில் பலர். பட்டா வருவாய்த் துறையின் ஏடு. யார் பெயரில் நிலம் கணக்கில் உள்ளது என்பதை அது காட்டும். அது தக்க சான்றே. ஆயினும், அதுவே உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் பன்முறை கூறியுள்ளன. குடும்பத்தில் மூத்தவர் பெயருக்குப் பட்டா மாற்றியதனால் இளையோரின் பங்கு மறைந்துவிடாது. எனினும், பட்டாவையும் நில வரைபடத்தையும் பார்த்தல் இன்றியமையாதது. பத்திரத்தில் உள்ள புல எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை ஆகியன அவற்றோடு பொருந்துகின்றனவா என்று காண வேண்டும்; பின் நாடா பிடித்து நிலத்தையும் அளக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் ஏடு. அச்சொத்தின்மீது பதிவான கிரயம், அடமானம், பாகம், தானம் முதலியவற்றை அது வரிசையாகக் காட்டும். பதிவாகாத எதனையும் அது காட்டாது. உயில் பதிவு செய்யப்பட்டிருப்பினும் வேறு புத்தகத்தில் பதியப்படுவதால் இச்சான்றில் வாராது. வாய்மொழிப் பாகம், நிலுவையில் உள்ள வழக்கு, வாடகைக் குடியிருப்போரின் உரிமை ஆகியனவும் பெரும்பாலும் இதில் தோன்றா. புல எண்ணைத் தவறாகக் கொடுத்து விண்ணப்பித்தால், உள்ள அடமானமும் இல்லை என்றே தோன்றும். ஆகவே, 'வில்லங்கம் இல்லை' என்னும் சொல்லுக்கு, 'பதிவேட்டில் இந்த எண்ணின்கீழ் ஒன்றும் காணப்படவில்லை' என்பதே பொருள்.

கடன் குறித்து ஒன்று கூறுவோம். பத்திரத்தை வங்கியிலோ சங்கத்திலோ ஒப்படைத்துக் கடன் பெறுதல் நம்மிடையே வழக்கம். ஆதலின், மூலப் பத்திரத்தின் நகலை மட்டும் காட்டுவோரிடம், அசல் எங்கே என்று கேட்டல் வேண்டும். கடன் முடிந்ததென்றால் அதற்கான ரசீது பதிவாகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். சங்கத்தில் கடன் தீர்த்த உறுப்பினர்களும் இதனைச் செய்துகொள்ளாது விடுகின்றனர். ஆண்டுகள் பல கழித்து வீட்டை விற்க முனையும்போது, தீர்ந்த கடன் வில்லங்கச் சான்றில் உயிரோடு நிற்பது கண்டு திகைக்கின்றனர்.

மனை எத்தகையது?

சுவர் விற்பவருடையதாயினும் மனை அவருடையதாக இல்லாமற் போகலாம். கோயில் நகரங்களின் தெருக்கள் சிலவற்றில் மனை கோயிலுக்கும் கட்டடம் குடியிருப்பவர்க்கும் உரியனவாக இருக்கும். இதனை அடிமனை என்பர். அங்கே விற்கக்கூடியது கட்டடம் மட்டுமே. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்க ஆணையரின் அனுமதி வேண்டும். மனைக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் பின்னர்க் கோயிலுக்கு வாடகையும் செலுத்த நேரும்.

நத்தம் புறம்போக்கா, நத்தம் பட்டாவா என்பதையும் தெளிதல் வேண்டும். அரசு இலவசமாக வழங்கிய மனையாயின், ஒப்படை ஆணையில் விற்பனைக்குத் தடை உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். நன்செய், புன்செய் நிலங்களை மனைகளாக்கி விற்போரிடம் வாங்கும் உழவர் பெருமக்கள், அம்மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்று கேட்க வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுக்கிறது. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் ஏற்பட்ட பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அவ்வாறு வரன்முறை ஆயிற்றா என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பதே முறை.

அச்சாரமும் ஒப்பந்தமும்

தாள்கள் யாவும் பொருந்திய பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். முன்பணம் கொடுத்தபின் குறை தெரிந்தால், கொடுத்த பணத்தின் பொருட்டுக் குறையைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலை வந்துவிடுகிறது.

கிரய ஒப்பந்தம் வேறு, கிரயம் வேறு. ஒப்பந்தத்தால் மட்டும் வீட்டில் உரிமை பிறவாது என்று சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் கூறுகிறது. ரூ. 100-க்குக் குறையாத மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தாலேயே விற்க இயலும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. விலை, முன்பணம், மீதிப் பணத்துக்குரிய நாள், நிலுவை வரியைக் கட்டுபவர் யார், கடன் இருப்பின் தீர்ப்பவர் யார் என்பன அதில் ஐயமின்றி எழுதப்படல் வேண்டும். விற்பவர் பின்வாங்கினால் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்டு வழக்கிடலாம். அதற்கு, நிறைவேற்றக் குறித்த நாளிலிருந்தும், நாள் குறிக்கப்படாவிடில் மறுப்பு தெரிந்த நாளிலிருந்தும் மூன்றாண்டுகளே காலம்.

பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு வீடு வாங்கியதாக எண்ணி இருப்போரும் உளர். அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து எழுதிக்கொள்வதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. முகவர் வழியாகக் கிரயம் பெறுவோர், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு உள்ளாரா என்று அறிதல் வேண்டும்; அவர் இறந்தால் அதிகாரமும் பொதுவாக முடிவுறும்.

பதிவு நாள்

கிரயப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் 2023-இல் நூற்றுக்கு 4-இலிருந்து 2-ஆகக் குறைக்கப்பட்டது. ரூ. 10 இலட்சம் மதிப்புள்ள வீட்டிற்குத் தீர்வை ரூ. 70,000, கட்டணம் ரூ. 20,000, ஆக ரூ. 90,000 ஆகும். 2025 ஏப்ரல் முதல், ரூ. 10 இலட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும். மேற்கண்ட வீட்டிற்கு ரூ. 10,000 மிச்சம். இல்லத்தரசியின் பெயரில் வாங்க இதுவும் ஒரு காரணமாகட்டும்.

தீர்வைக்கு அஞ்சி உண்மை விலையைக் குறைத்து எழுதுவோர் தமக்கே தீங்கு தேடுகின்றனர். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் குறைவுத் தீர்வை கேட்கப்படும். அதனினும் பெரிது, பின்னாளில் உரிமை தவறிப்போய் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, எழுதாத தொகைக்குச் சான்று இராது.

கையொப்பமிட்ட நாளிலிருந்து நான்கு திங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்தல் வேண்டும். சார்பதிவாளர் முன் எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர் ஆகியோரின் நிழற்படமும் கைரேகையும் பெறப்படும். சாட்சிகள் அடையாளம் காட்டுவர். பத்திரத்தை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டல் நன்று. எல்லையில் கிழக்கு மேற்காக மாறியதைப் பின்னர்த் திருத்தப் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கு விற்றவர் மீண்டும் வர வேண்டும்.

இங்கே ஒரு பெரும் மயக்கத்தைக் களைய விரும்புகிறோம். 'சர்க்கார் பதிவு செய்துவிட்டது. இனி எவர் கேட்பார்?' என்பது அம்மயக்கம். விற்பவர்க்கு உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்பளிப்பது பதிவு அதிகாரியின் பணியன்று. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாதென அறிவித்த 2025 ஏப்ரல் தீர்ப்பில், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அவ்வதிகாரத்தை அவர்க்கு வழங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. பதிவு என்பது ஒருவர் எழுதிக்கொடுத்தார் என்பதற்குச் சான்று. எழுதிக்கொடுக்க அவர்க்கு உரிமை இருந்ததா என்பதை வாங்குபவரே ஆராய்ந்துகொள்ள வேண்டும்.

பதிவோடு வேலை முடிந்ததென்று இராமல் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு ஆகியவற்றைத் தம் பெயருக்கு மாற்றி, அசல் பத்திரங்களைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

விற்போர்க்கு

வறுமையால் வீட்டை விற்கும் உறுப்பினரையும் நாம் மறக்கவில்லை. தமக்குத் தெரிந்த உரிமைக் குறையை மறையாது சொல்வது விற்பவர் கடமை என்று சட்டம் கூறுகிறது. அவர்க்குக் காப்பும் உண்டு. பணம் முழுதும் வருமுன் உரிமை மாறிவிட்டால், மீதிப் பணத்துக்கு அவ்வீட்டின்மீதே பொறுப்பு நிற்கும். ஆனால், 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று பத்திரத்தில் எழுதியவர், பெறவில்லை என்று பின்னர் மெய்ப்பிப்பது அரிது. பணம் வரவில்லை என்பதனால் பதிவான கிரயம் தானே நீங்கிவிடாது. ஆதலின், மீதிப் பணத்தை வங்கி வழியாகப் பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் அறிவுடைமை.

நிற்க. தறித்தெருவின் செய்தி எவ்வாறு முடிந்தது என்று அன்பர்கள் அறிய விழைவர். வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. பெரியோர் சிலர் இருதரப்பையும் அழைத்துப் பேசினர். உடன்பிறந்தார் இருவரும் பெற்ற பணத்தைப் பழைய கடனுக்குக் கொடுத்துவிட்டனர். திருப்பித் தர இயலவில்லை. நம் உறுப்பினர் மீண்டும் கடன் பெற்று, அம்மகளின் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிரயப் பத்திரத்தால் வாங்கினார். ஒரே வீட்டின் அப்பங்குக்கு இருமுறை விலையும் இருமுறை தீர்வையும் கொடுத்தார். பத்திரம் பதிந்த நாளில் அப்பெண்மணி, 'அண்ணா, அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே' என்றாராம். அக்கடனை அடைக்க அப்புதுத்தறி இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுக. அதற்காகும் கட்டணம் வீட்டின் விலைக்கு முன் சிறிது. அதனோடு, பத்திரம் சொல்லாததைத் தெரு சொல்லும் என்பதையும் நினைவிற் கொள்க. முன்பணம் கொடுக்குமுன் அத்தெருவின் முதியோர் ஒருவரிடம் சென்று, 'இவ்வீட்டில் பிறந்தவர் எத்தனை பேர், இன்று எங்கெங்கு உள்ளனர்?' என்று கேளுங்கள். அவர் விரல்விட்டு எண்ணிய பெயர்கள் யாவும் பத்திரத்தின் இறுதியில் கையொப்பமாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் பணத்தை மடியிலேயே முடிந்துவைத்துத் திரும்புங்கள்.